கடை அடைத்த பிறகு தொடங்கும் வேலை

இரவு பத்தரை மணி. கோவை கிராஸ்கட் சாலையிலோ சென்னை தியாகராய நகரிலோ பெரிய துணிக்கடை ஒன்றின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. கல்லாவில் கணக்கு முடிந்துவிட்டது. விற்பனைப் பெண்கள் விடுதி வேனில் ஏறிப் போயாயிற்று. உள்ளே இரண்டு பேர் மட்டும் மிச்சம். ஒருவர் பொம்மையின் இடது கையைத் திருகிக் கழற்றுகிறார். இன்னொருவர் ஏணியில் நின்றபடி ஸ்பாட் லைட்டின் முகத்தை இரண்டு விரற்கடை திருப்புகிறார். காலையில் கடைக்கு வருகிறவர்களுக்கு இவர்கள் யாரென்று தெரியாது. ஆனால் வருகிறவர் முதலில் எங்கே நிற்பார், எதைத் தொடுவார் என்பதை இவர்கள் இப்போதே பேசி முடித்திருப்பார்கள்.

பதவிப் பெயர் விஷுவல் மெர்ச்சண்டைசர். கடைக்குள் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. ‘வி.எம். வந்திருக்காங்க’, ‘வி.எம்.கிட்ட கேளு’ என்பதோடு சரி. எந்தச் சரக்கு எந்த இடத்தில், எந்த உயரத்தில், எதன் பக்கத்தில், எந்த வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது, முடிவு செய்ததைத் தன் கையாலேயே செய்து முடிப்பது. பாதி ஓவியர் வேலை, பாதி சுமை தூக்குகிற வேலை. கல்லூரி விளம்பரங்கள் முதல் பாதியைத்தான் சொல்லும். நாம் இரண்டாவதிலிருந்து தொடங்கலாம்.

கண்ணாடி இழையில் வார்த்த முழு உருவப் பொம்மைக்கு பேன்ட் போடுவது எப்படி? அதற்கு முட்டி மடங்காது. இடுப்பில் இரண்டாகப் பிரித்து, கால் பகுதியைத் தலைகீழாக நிறுத்தி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாதங்கள் வழியே பேன்ட்டை இறக்கி, மறுபடி நிமிர்த்தி மேலுடலைப் பூட்ட வேண்டும். சட்டை என்றால் இரண்டு கைகளையும் கழற்றிவிட்டுச் சட்டையை மாட்டி, அதன் கைக்குள் பொம்மையின் கையை நுழைத்துத் தோளில் திருக வேண்டும். நிற்க வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அடித்தட்டிலிருந்து எழும் கம்பி சில பொம்மைகளுக்குக் கெண்டைக்காலில் நுழையும். சிலவற்றுக்கு உள்ளங்காலில் நுழையும். உள்ளங்கால் ரகத்துக்கு ஷூ போட வேண்டுமானால் ஷூவின் அடியில் துளை போட்டாக வேண்டும். பொம்மை வாங்கும்போதே இதை விசாரிக்காத கடைகளில் கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை வெறுங்காலோடு வரவேற்பில் நிற்பார்.

சேலை இன்னும் படுத்தும். மேல்நாட்டு அளவில் வார்த்த பொம்மைகள் ஏறத்தாழ ஆறடி உயரம், ஒரு காலை முன்னே வைத்து நடக்கிற தோரணை. அதற்கு ஐந்தரை மீட்டர் சேலையைச் சுற்றினால் கொசுவம் பிரிந்து கணுக்கால் தெரியும். வழவழப்பான அந்த உடம்பில் ஊக்கும் ஏறாது. இடுப்பில் இறுக்கமாக நாடா கட்டி, அதில் கொசுவத்தைச் செருகி, முன்னால் தெரியாதபடி முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். மறுநாளே யாராவது அந்தச் சேலைதான் வேண்டும் என்று கேட்கலாம். ஆகவே ஊசித் தடமும் இருக்கக் கூடாது, அழுக்கும் படக் கூடாது. பட்டு என்றால் கவலை இரட்டிப்பு. ஒரே மடிப்பில் பல நாள் நின்றால் ஜரிகை கோடு விழுந்துவிடும். விளக்கின் கீழே நிறம் வெளுக்கும். நாள் குறித்து வைத்துக்கொண்டு இறக்க வேண்டும், வேறு ஏற்ற வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து வருகிற அழகான வரைபடங்களில் இந்தப் பாடு எதுவும் இருக்காது.

பொம்மைகள் வருவதற்கு முன் நம் பட்டுக்கடைகளில் இந்த வேலையை மனிதர்கள் செய்தார்கள். இன்றும் பல கடைகளில் செய்கிறார்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மேடையில் உட்கார்ந்து, ஒரே உதறலில் முந்தானை வாடிக்கையாளர் பக்கம் விழும்படி சேலையை விரிக்கிற அந்த அண்ணனைப் பார்த்திருப்பீர்கள். முதலிலேயே இருப்பதில் நல்லதை அவர் எடுக்க மாட்டார். நடுத்தரமான இரண்டை விரித்து, பார்க்கிறவர் முகத்தைப் படித்து, பிறகுதான் பின்னால் கை நீட்டுவார். கல்யாணப் பெண் ஆசையாகப் பார்த்தாலும் முடிவு அத்தையிடம் இருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து, அடுத்த சேலையை அத்தை பக்கம் திருப்பி விரிப்பார். தன் தோளிலேயே போட்டுக் காட்டுவதற்கும் வெட்கப்பட மாட்டார். காட்சியும் பேச்சும் ஒரே ஆளிடம் இருந்தன.

இந்த இரண்டையும் பிரித்தது சுயசேவை. வாடிக்கையாளரே கூடையை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும் முறையை 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், பிக்லி விக்லி என்ற விசித்திரமான பெயருள்ள மளிகைக் கடையில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கினார். மும்பையில் ஷாப்பர்ஸ் ஸ்டாப் 1991இல் வந்தது. சென்னையில் 1996இல் ஃபுட்வேர்ல்டு மளிகை அங்காடி திறந்தது. எடுத்துக் காட்டுகிற ஆள் மேடையை விட்டு இறங்கிவிட்டார். பருப்புப் பொட்டலமும் சட்டையும் தாங்களே தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. நம் ஊரில் வி.எம். என்ற தனி ஆளுக்கு வேலை பிறந்த இடம் இது.

அதற்காக, அதுவரை நமக்குக் காட்சி வைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் அவர் பெட்டிக்கடையைக் கவனிக்காதவர். நாலடி அகலக் கடையில் எத்தனை பொருள்! கண்ணுக்கு நேரே வாழைத்தார். கைக்கு எட்டும் இடத்தில் மிட்டாய் பாட்டில்கள். நெற்றிக்கு மேலே ஷாம்பு, பாக்கு, காபித்தூள் சரங்கள். இந்தியாவில் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டிய முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய பிள்ளைகள் அந்தத் தொழிலைப் பெரிதாக வளர்த்தார்கள். அந்தப் பாக்கெட்டின் மலிவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சரமாகத் தொங்கியதுதான் அதன் மற்றொரு பலம் என்பேன். அலமாரி வேண்டாம், ஒரு ஆணி போதும். தெருவிலிருந்தே தெரியும். சரம் குட்டையாகிவிட்டால் சரக்கு வாங்க வேண்டும் என்று கடைக்காரருக்கும் தெரிந்துவிடும். காட்சி, இருப்புக் கணக்கு, விளம்பரம் மூன்றும் ஒரே ஆணியில்.

மேல்நாட்டில் இந்தத் தொழில் கண்ணாடி ஜன்னலில் வளர்ந்தது. ‘தி வொண்டர்ஃபுல் விஸார்ட் ஆஃப் ஆஸ்’ எழுதிய எல். ஃபிராங்க் பாம் அதற்கு முன் 1897இல் சிகாகோவில் கடை ஜன்னல் அலங்காரத்துக்கென்றே ‘தி ஷோ விண்டோ’ என்ற மாத இதழைத் தொடங்கியவர். மறு ஆண்டே ஜன்னல் அலங்காரக்காரர்களுக்கு ஒரு சங்கமும் அமைத்தார். லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு வீதியில் 1909இல் பெரிய கடை திறந்த ஹாரி கார்டன் செல்ஃப்ரிட்ஜ், கடை அடைத்த பிறகும் ஜன்னல் விளக்குகளை எரியவிட்டார். நடந்து போகிறவர்கள் ராத்திரியிலும் நின்று பார்த்தார்கள். ஜார்ஜியோ அர்மானி 1957இல் மிலான் நகரின் லா ரினாசென்டே கடையில் ஜன்னல் அலங்காரத்தில்தான் வேலை தொடங்கினார். நியூயார்க்கில் போன்விட் டெல்லர் கடையின் ஜன்னலில் 1961இல் ஆண்டி வார்ஹோலின் ஓவியங்கள் உடுப்பு போட்ட பொம்மைகளுக்குப் பின்னால் நின்றன. கலைக்கூடங்கள் அவரைச் சீந்துவதற்கு முன்பு. அதே கடையில் 1939இல் நடந்தது இன்னும் சுவாரசியம். சால்வடார் டாலி அமைத்துக் கொடுத்த ஜன்னலை, பார்க்கிறவர்கள் முகம் சுளித்தார்கள் என்று நிர்வாகம் அவரைக் கேட்காமல் மாற்றிவிட்டது. கோபத்தோடு உள்ளே புகுந்த டாலி, காட்சிக்கு வைத்திருந்த குளியல் தொட்டியைத் தள்ளப்போக, அது கண்ணாடியை உடைத்துக்கொண்டு வீதிக்கு வந்தது, போலீஸும் வந்தது. தான் அமைத்த காட்சியை மேலாளர் இரவோடு இரவாக மாற்றிவிட்ட அனுபவம் இல்லாத வி.எம். யாரும் இருக்க மாட்டார். தொட்டியைத் தள்ளுகிற வசதிதான் எல்லோருக்கும் இல்லை.

இந்தத் தொழிலின் விதிகள் பெரும்பாலும் மேல்நாட்டிலிருந்து வந்தவை. கண் மட்டத்தில் வைத்தது விற்கும். தொங்கவிட்ட சட்டைகளில் சின்ன அளவு முன்னால், பெரிய அளவு பின்னால். ஹேங்கர் கொக்கிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நிறம் வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குப் போக வேண்டும். கடைகளில் வாங்குகிறவர்களைப் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பதையே தொழிலாக்கிக்கொண்ட அமெரிக்கர் பாக்கோ அண்டர்ஹில், 1999இல் வெளியான ‘வொய் வி பை’ நூலில் ஒரு கதை சொல்கிறார். நியூயார்க் புளூமிங்டேல்ஸ் கடையில் வாசலை ஒட்டிய நடைபாதையில் டை மாட்டிய ஸ்டாண்ட் இருந்தது. ஆட்கள் நின்று பார்ப்பார்கள். போகிற வருகிறவர்கள் பின்னாலிருந்து இடித்ததும் வாங்காமலே நகர்ந்துவிடுவார்கள். ஸ்டாண்டைச் சற்று ஒதுக்குப்புறமாக வைத்ததும் விற்பனை ஏறியது. இதை ரங்கநாதன் தெருவில் சொல்லிப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இடிபடாமல் யாராவது ஒரு கைக்குட்டையாவது வாங்கியிருக்கிறார்களா அங்கே?

இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. நம் நாட்டுச் சில்லறை வணிகர் கிஷோர் பியானி தன் ஃபுட் பஜார் கடைகளை முதலில் மேல்நாட்டு முறைப்படி அகலமான நடைபாதை, நேர்த்தியான அடுக்கு என்றுதான் அமைத்தார். ஆட்கள் வந்தார்கள், நேரே நடந்து மறுபக்கம் வெளியேறினார்கள். நின்று பார்க்க எதுவும் அவர்களைத் தடுக்கவில்லை. அவர் நடைபாதைகளை நெருக்கினார், தொட்டிகளில் சரக்கைக் கொட்டினார், நல்ல வெங்காயத்தோடு சொத்தையையும் கொஞ்சம் கலந்துவிட்டார். பொறுக்கி எடுத்தவர்களுக்குத் தாங்கள் ஜெயித்ததாக ஒரு திருப்தி. மும்பைக் கடை ஒன்றைக் கசகசவென்று ஆக்குவதற்காக ஏறத்தாழ 50,000 டாலர் செலவழித்தார் என்று 2007இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் விரிவாக எழுதியது. அவருடைய குழுமம் பின்னால் கடனில் மூழ்கி 2022இல் கடைகளை இழந்தது வேறு கதை. அதற்குக் காரணம் வெங்காயம் அல்ல.

குவியலைக் கண்டால் மலிவு என்று படுகிறது. வெறுமையைக் கண்டால் விலை அதிகம் என்று படுகிறது. அகலமான ஜன்னலில் ஒரே ஒரு கைப்பை இருந்தால் அதன் விலைச்சீட்டைப் பார்க்காமலே நம்மில் பலர் நடையைக் கட்டிவிடுவோம். எனவே ஆடி மாதம் வந்ததும் வி.எம். செய்கிற முதல் காரியம், வருஷம் முழுக்கக் கஷ்டப்பட்டுக் காத்துவந்த ஒழுங்கைக் குலைப்பதுதான். அட்டை வைத்து ஒரே அளவில் மடித்த சட்டைகளை எடுத்துத் தொட்டியில் கொட்டுவது. கொட்டியது போலத் தெரிய வேண்டும், அளவுச்சீட்டு மட்டும் கைக்கு அகப்பட வேண்டும். பார்க்கச் சுலபம், செய்து பார்த்தால்தான் தெரியும்.

நாடு முழுக்கக் கிளை உள்ள நிறுவனங்களில் இன்னொரு தலைவலி. மும்பையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ ஒரு பி.டி.எஃப். வரும்; அதை கைடுலைன் என்பார்கள். எந்தத் தட்டில் எத்தனை என்ற வரைபடத்துக்குப் பெயர் பிளானோகிராம். அதன்படி செய்து, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘ஓகே’ வாங்க வேண்டும். டிசம்பரில் வருகிற பி.டி.எஃப். கம்பளி ஜாக்கெட்டையும் பஞ்சுப் பனியையும் ஜன்னலில் வைக்கச் சொல்லும். மதுரையில் அன்றைக்கும் மதியம் வேர்க்கும். தீபாவளிக்கு வரிசை வரிசையாக அகல் விளக்கு வைக்கச் சொல்லும். நம் வீடுகளில் தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, வெடி. அகல் வரிசை கார்த்திகைக்கு உரியது. மஞ்சள் தடவிய புதுச்சட்டைக் காலரும் நல்லெண்ணெய்க் கிண்ணமும் வைத்தால் இங்கே வாசலில் போகிற ஒவ்வொருவரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆடியில் முகூர்த்தப் புடவை ஜன்னல் வைக்கச் சொன்னாலும் வைக்கத்தான் வேண்டும். பார்த்துவிட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். கைடுலைன் அனுப்பியவரிடம் இதையெல்லாம் நயமாகச் சொல்லி, ஒரு ஜன்னலையாவது ஊருக்கேற்ப மாற்ற அனுமதி வாங்குகிறவரைத்தான் நான் நல்ல வி.எம். என்பேன். வரைபடத்தை அப்படியே அச்சுப் பிசகாமல் செய்கிறவர் நல்ல ஊழியர், அவ்வளவுதான்.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நகைக்கடையில் தங்கத்துக்கு மேலே எரிவது மஞ்சள் சாய்ந்த விளக்கு, கெல்வின் கணக்கில் 3000 அளவு. பக்கத்து அரங்கில் வைரத்துக்கு மேலே எரிவது 5000க்கு மேற்பட்ட வெண்ணிற விளக்கு. மாற்றிப் போட்டால் தங்கம் வெளிறும், வைரம் அழுக்காகத் தெரியும். துணிக்கு இன்னொரு எண் முக்கியம்: பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான சி.ஆர்.ஐ. அளவு. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நல்லது. காசை மிச்சம் பிடித்துச் சாதாரண எல்.இ.டி. போட்ட கடையில் அரக்கு நிறம் காப்பிப்பொடியாகத் தெரியும். நம் அம்மாக்கள் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடப்பது இதனால்தான். ‘வெளிச்சத்துல ஒருவாட்டி பாத்துக்கறேன்’ என்பது இந்தத் துறையின் கடைசித் தேர்வு. வாசலுக்குப் போன சேலை அதே நிறத்தோடு திரும்பி வந்தால் கடை தேறியது.

இதெல்லாம் ஆளை ஏமாற்றுகிற தந்திரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. பாலும் பருப்பும் கடையின் கோடியில் இருப்பதும், அவற்றை எடுக்க நாலு வரிசையைக் கடந்து போக வேண்டியிருப்பதும் தற்செயல் அல்ல. கண் மட்டத் தட்டுக்கும் வரிசை முனைக்கும் பெரிய நிறுவனங்கள் கடைக்காரருக்குப் பணம் கொடுக்கின்றன. பில் போடும் இடத்தில் சாக்லேட் இருப்பது மூன்று வயதுக் குழந்தையின் கை உயரத்தில். அந்த உயரத்தை யாரோ அளந்துதான் வைத்தார்கள். பெரியவர்களின் கண்ணைக் கவர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியும். குழந்தையின் கை உயரத்தை அளப்பதில் ஆட்சேபம் உண்டு. இங்கிலாந்தில் 2,000 சதுர அடிக்கு மேற்பட்ட கடைகளில் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை வாசலிலும் கல்லாவுக்கு அருகிலும் வரிசை முனையிலும் வைக்க 2022 அக்டோபர் முதல் தடை இருக்கிறது. நம்முடைய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் இத்தகைய தின்பண்ட விற்பனைக்குப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி 50 மீட்டருக்குக் கோடு போட்டது. கல்லாவரை அந்தக் கோடு வரவில்லை.

பொம்மையின் நிறமும் ஒரு கேள்விதான். கறுப்பும் மாநிறமுமாக வாங்குகிறவர்கள் வரிசையில் நிற்க, ஜன்னலில் இருப்பவை எல்லாம் ரோஜா நிறக் கன்னங்கள், நீலக் கண்கள். பல வி.எம்.கள் இப்போது முகமே இல்லாத, சாம்பல் அல்லது வெள்ளைப் பொம்மைகளை விரும்புகிறார்கள். காரணம் சமத்துவம் மட்டுமல்ல. மையும் விக்கும் வேண்டாம், செலவு குறைவு. எந்தக் காரணத்தால் வந்தாலும் வரட்டும். ஆனால் மாநிறப் பொம்மைக்கு மயில்கழுத்து நிறப் பட்டைக் கட்டினால் எப்படி எடுக்கும் என்பதை நம் பட்டுக்கடைகள் இன்னும் முழுதாகச் சோதித்துப் பார்க்கவில்லை.

கடையின் தரை வரைபடத்தைப் போடுகிறவர்கள் அதிகம் யோசிக்காத ஒன்று, அங்கே வேலை செய்கிறவர்களின் கால்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற ஊழியர்களின் வாழ்வை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் திரையில் காட்டியது. கேரளம் 2018இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்றது. பல கடைகளில் இன்றும் இருக்கை இல்லை. இருக்கிற இடங்களில் அது சரக்கறைக்குள் இருக்கிறது. ‘இடம் இல்லை’, ‘பார்க்க நன்றாக இருக்காது’ என்ற இரண்டு பதில்களைத்தான் கேட்க முடிகிறது. இடத்துக்கும் பார்வைக்கும் கடையில் பொறுப்பான ஆள் வி.எம். பொம்மையின் அடித்தட்டுக்கு ஒன்றரை அடி ஒதுக்கத் தெரிந்தவர் ஒரு ஸ்டூலுக்கும் ஒதுக்கலாம்.

அவருடைய சொந்த வேலை நிலையும் பெருமைப்படும்படி இல்லை. கடை திறப்பு, பருவ மாற்றம் என்றால் விடிய விடிய வேலை. ஏணி, மின்கம்பி, க்ளூ கன், கண்ணாடி எல்லாம் தூக்கக் கலக்கத்தில். பெண்கள் இந்தத் துறையில் நிறைய இருக்கிறார்கள். இரவு வண்டி ஏற்பாடு செய்யாத நிறுவனங்களும் நிறைய. விற்பனை ஏறினால் பாராட்டு மேலாளருக்கு, இறங்கினால் ‘டிஸ்ப்ளே சரியில்லை’. வேலைக்குச் சேரும்போதே இரவுப் பணிக்குப் பதில் விடுப்பு உண்டா, வண்டி உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. சங்கடப்பட வேண்டியதில்லை.

படிப்பு என்றால், நிஃப்ட் கல்லூரிகளின் ஃபேஷன் கம்யூனிகேஷன் பட்டத்தில் இது ஒரு பாடம். சென்னைத் தரமணியிலும் ஒரு நிஃப்ட் இருக்கிறது. தனியாரிடம் குறுகிய காலப் பயிற்சிகளும் கிடைக்கின்றன. விற்பனை ஊழியராகச் சேர்ந்து, மடிப்பதிலும் அடுக்குவதிலும் கை தேறி, இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு. வாடிக்கையாளர் எதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வைக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு பட்டதாரிகளுக்குத் தெரியாது. நேர்முகத்துக்குப் போகிறவர்கள் கணினியில் வரைந்த கனவுக் கடைகளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். உங்கள் தெருவில் ஒரு செருப்புக் கடையிலோ பாத்திரக் கடையிலோ அனுமதி கேட்டு ஒரு தட்டை மாற்றி அடுக்குங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், அந்த வாரம் அந்தத் தட்டிலிருந்து எத்தனை விற்றது, முந்தின வாரம் எத்தனை விற்றது என்று கடைக்காரர் சொன்ன கணக்கு. வேலை கொடுக்கிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.